வடக்குச் சாளரமும் வெள்ளை வேட்டியும்: ஒளிப்பட ஆர்வலர்கள் ஒளியைக் கற்ற வரலாறு

ஒளிப்படக் கலையின் வரலாறு பெரும்பாலும் கேமராவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. லென்ஸ் கூர்மை பெற்றதையும், கண்ணாடித் தட்டு ஃபிலிமாக மாறியதையும், ஃபிலிமின் இடத்தை மின்னணு உணரி பிடித்ததையும் வரிசைப்படுத்திச் சொல்லும் நூல்களில், படம் பிடிக்கப்படும் பொருளின்மேல் விழுந்த ஒளி எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டுவர மனிதர் என்ன பாடுபட்டனர் என்பதற்குக் கிடைக்கும் இடம் சிறிது. பிழைப்புக்காக அன்றி விருப்பத்தின் பேரில் படமெடுத்த ஆர்வலர்களைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. நல்ல ஒளி என்பது நீண்ட காலம் பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட கூடங்களுக்குள், தொழில்முறைக் கலைஞர்களின் வசமே இருந்தது. அதைத் தம் வீட்டுக்கும் கைக்கும் கொண்டுவர ஆர்வலர்கள் மேற்கொண்ட முயற்சி இக்கலையின் வரலாற்றில் சரிபாதி எனத் தகும்.

அந்த வரலாற்றைப் பின்தொடர ஒளியின் மூன்று இயல்புகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். முதலாவது திசை: கேமராவின் பக்கத்திலிருந்து நேராக விழும் ஒளியில் முகம் தட்டையாகத் தெரியும், பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் மூக்கு, கன்னம், கண்குழி ஆகியவற்றின் நிழல்கள் முகத்துக்குத் திரட்சி தரும். இரண்டாவது பரப்பு: ஒளிதரும் மூலம் பொருளைவிடப் பெரிதாக இருந்தால் நிழலின் விளிம்பு மெல்லக் கரைந்து செல்லும், சிறிதாக இருந்தால் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். உச்சிவெயிலின் நிழலுக்கும் மேகமூட்டமான நாளின் நிழலுக்கும் உள்ள வேறுபாடு இதனால் வருவதே. வெயிலில் வானத்தின் ஒரு சிறு வட்டம் மட்டும் விளக்காக இருக்க, மேகம் மூடியதும் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. மூன்றாவது தொலைவு: சிறிய விளக்கு ஒன்றை இரு மடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் பொருளின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். புதிய விளக்கு ஒன்று வந்த ஒவ்வொரு முறையும் மக்கள் முதலில் அதைக் கேமராவின் அருகிலேயே வைத்து நேராகப் பாய்ச்சினர் என்பதும், சில ஆண்டுகள் கழித்தே அதை விலக்கவும் விரிக்கவும் கற்றனர் என்பதும் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

கண்ணாடிக் கூரையின் காலம்

1839 ஆகஸ்டில் தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் வெளியிடப்பட்டபோது, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஓர் உருவம் பதியப் பல நிமிடங்கள் வெயில் வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கக் கூடியவை கட்டடங்களும் சிலைகளுமே என்பதால், மனித முகத்தைப் படமாக்க விரும்பியவர்கள் ஒளியைப் பெருக்கும் வழிகளைத் தேடினர். லண்டனின் ரீஜன்ட் தெருவில் 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்ட் திறந்த ஸ்டூடியோ, ஒரு கட்டடத்தின் உச்சியில், நீலக் கண்ணாடி வேய்ந்த கூரையின்கீழ் அமைக்கப்பட்டது. அக்காலத் தட்டுகள் நீல ஒளியையே நன்றாக உணர்ந்தன. ஆகவே நீலக் கண்ணாடி வழியே வந்த ஒளி தட்டின் வேலையை அதிகம் குறைக்காமல், அமர்ந்திருப்பவரின் கண்ணை மட்டும் கூச்சத்திலிருந்து காத்தது. இதே இயல்பின் மறுபக்கமாகச் சிவப்பு நிறம் தட்டில் ஏறக்குறையக் கறுப்பாகப் பதிந்தது. நெற்றியில் இட்ட குங்குமம் பழைய படங்களில் சாந்துப் பொட்டுப்போல் கருத்துத் தெரிவதற்குக் காரணம் இதுவே. தட்டில் சாயப்பொருள் சேர்த்தால் பிற நிறங்களையும் உணர வைக்கலாம் என்பதை ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1873இல் கண்டறிந்த பிறகும், சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தட்டு விற்பனைக்கு வர 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பிய ஸ்டூடியோக்கள் விரைவிலேயே ஒரு பொது வடிவத்தை அடைந்தன. கூரையின் ஒரு பகுதியும் ஒரு சுவரும் கண்ணாடியால் ஆகி, அவை வடக்கு நோக்கி அமைந்தன. நேர்வெயில் படாத வடதிசை வானம் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீரான, அகன்ற, மென்மையான ஒளியைத் தந்தது. கண்ணாடியின்கீழ் திரைச்சீலைகளைக் கயிற்றால் இழுத்து ஒளியின் அளவையும் திசையையும் மாற்றினர்; நிழல்பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய சட்டகம் ஒன்றை நிறுத்தி இருளைச் சற்றே நிரப்பினர். இன்று ஒளிப்பட வகுப்புகளில் முதன்மை ஒளி, நிரப்பொளி என்று கற்பிக்கப்படும் இரண்டும் அக்கூடத்திலேயே முழுமையாக இருந்தன. இந்த வடதிசை விதி தென்னிந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் வெயில் உச்சிக்கு வடக்கே சாய்ந்து வரும். அந்த மாதங்களில் வடக்குச் சாளரத்திலும் வெயில் எட்டிப் பார்க்கும் என்பதால், இங்குத் திரைச்சீலை ஓர் அழகுப்பொருளாக இல்லாமல் கட்டாயத் தேவையாயிற்று.

கண்ணாடிக் கூடம் கட்ட வசதியற்ற ஆர்வலர்கள் சங்கங்களாகக் கூடித் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டனர். 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் அதற்கு உந்துதலாக இருந்தவர், 1850இல் இங்குக் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். மதராஸ் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், ஆர்வத்தால் கற்ற கலையைக் கொண்டே 1856இல் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமனம் பெற்று, 1857-58இல் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். ஈரம் காய்வதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டிய கண்ணாடித் தட்டு முறை இந்நாட்டு வெப்பத்தில் பெரும் இடையூறாக இருந்ததால், முன்கூட்டியே தயாரித்து வைக்கத்தக்க மெழுகுத் தாள் நெகடிவ்களையே அவர் பெரிதும் நம்பினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி அவர் உருவாக்கிய நீள்படத்தில் எழுத்துகள் தெளிவாக எழுந்து நிற்கின்றன. கல்லில் வெட்டிய எழுத்து நிழலால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதால், ஒளியின் திசையை அறியாத ஒருவரால் அத்தகைய படத்தை எடுத்திருக்க இயலாது.

ஒளியைத் தம் விருப்பப்படி ஆண்ட முதல் ஆர்வலர்களுள் ஜூலியா மார்கரெட் கேமரன் தலையாயவர். கல்கத்தாவில் பிறந்த அவர், 1863இல், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார்; இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தம் வீட்டின் கோழிக்கூண்டையே கண்ணாடிக் கூடமாக்கிக்கொண்டார். தொழில்முறை ஸ்டூடியோக்கள் முகம் முழுவதும் சீராக வெளிச்சம் பரவ வேண்டுமென்று முயன்ற காலத்தில், அவர் ஒளியைப் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவிட்டு, முகத்தின் மறுபக்கத்தை இருளில் ஆழவிட்டார். துலக்கமின்மைக்காக அக்காலச் சங்கத்தார் அவரைக் கடுமையாகக் குறை கூறினர். பின்வந்த தலைமுறைகள் அந்தப் படங்களையே 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த முகப்படங்களாகப் போற்றின. 1875இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், அங்குத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களையும் படமெடுத்து, 1879இல் அத்தீவிலேயே மறைந்தார்.

தீயிலிருந்து பிறந்த ஒளி

சூரியன் புகாத இடங்களைப் படமாக்கும் ஆசை செயற்கை ஒளியைத் தேட வைத்தது. பாரிசின் ஒளிப்படக் கலைஞர் நாதார், 1860களின் தொடக்கத்தில், மின்கலங்களால் எரியும் வில்விளக்கை நிலத்தடிக் கல்லறைகளுக்குள் கொண்டுசென்றார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை பிடித்ததால், வேலையாட்களின் இடத்தில் பொம்மைகளை நிறுத்தினார். அத்தகைய பாரமான கருவிகள் ஆர்வலருக்கு எட்டாதவை. மெக்னீசியம் என்ற உலோகமே அவர்களுக்கு வாய்த்த முதல் விளக்கு. எரியும்போது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி தரும் அவ்வுலோகத்தின் கம்பி 1864 அளவில் மான்செஸ்டரில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஆல்ஃபிரெட் பிரதர்ஸ் என்பவர் அதன் ஒளியில் முகப்படத்தையும் குகைப்படத்தையும் எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு, ஸ்காட்லாந்தின் அரச வானியலாளரும் ஒளிப்பட ஆர்வலருமான சார்ல்ஸ் பியாசி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடின் உள்ளறையில் மெக்னீசியத்தைக் கொளுத்திப் படமெடுத்தார்.

1887இல் பெர்லினில் அடால்ஃப் மீத்தேவும் யோகான்னஸ் கெடிக்கேயும் மெக்னீசியப் பொடியுடன் பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்தெரியும் ஃபிளாஷ் பவுடரை உருவாக்கினர். கம்பி எரியும் வரை காத்திருக்க வேண்டிய நிலை மாறி, அசையும் மனிதரையும் இருட்டில் பிடிக்கும் வாய்ப்பு முதன்முதலாகக் கிட்டியது. நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராக இருந்த ஜேக்கப் ரீஸ் இச்செய்தியை அறிந்து, சேரிகளின் இரவு வாழ்க்கையை உலகுக்குக் காட்டத் துணிந்தபோது, அவருக்குத் துணைநின்றவர்கள் அந்நகரின் அமெச்சூர் ஒளிப்படச் சங்கத்தைச் சேர்ந்த ஹென்றி பிஃபார்டும் ரிச்சர்ட் ஹோ லாரன்சும் ஆவர். முதலில் துப்பாக்கி போன்ற கருவியிலும், பின்னர் சமையலறை வாணலியிலும் பொடியைக் கொளுத்தி அவர்கள் எடுத்த படங்கள், 1890இல் வெளிவந்த ரீஸின் நூலுக்கு அடித்தளமாயின. அந்நூல் குடியிருப்புச் சட்டங்களைத் திருத்துவதற்கான மக்கள் கருத்தை உருவாக்கியது. பொடி பெருந்தொல்லை தருவதாகவும் இருந்தது. அறை முழுவதும் வெண்புகை நிறையும். மறுபடம் எடுக்கப் புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கலவையில் ஈரமோ அழுத்தமோ ஏறினால் கையோடு வெடிக்கும். ரீஸே தீ விபத்துகளுக்கு ஆளானார். திடீர் ஒளியில் திகைத்து விரிந்த கண்களும், பின்சுவரில் அட்டையை வெட்டி ஒட்டியதுபோன்ற கரிய நிழலும் அக்காலப் படங்களின் அடையாளங்கள். நேராகப் பாய்ச்சிய சிறிய ஒளியின் இயல்பான விளைவுகள் அவை.

அதே பொடியை இன்னும் நுட்பமாகக் கையாண்டவர்கள் காட்டுயிர் ஆர்வலர்கள். அமெரிக்க வழக்குரைஞரான ஜார்ஜ் ஷைராஸ், ஏரிக்கரை மான்களை இரவில் படகிலிருந்தும், விலங்கின் கால் பட்டால் பொடி தீப்பற்றும் இழுகம்பி அமைத்தும் படமெடுத்தார். அவருடைய 74 படங்கள் 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளிவந்தன. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் ஐக்கிய மாகாணக் காடுகளில் இம்முறையால் புலிகளின் இரவு நடமாட்டத்தைப் பதிவு செய்து, 1927இல் நூலாக்கினார். புலியைச் சுட்டுத் தோலை விரிப்பதே பெருமையாக இருந்த காலத்தில், ஒளியால் மட்டும் அதைப் பிடிக்கலாம் என்று அவர் காட்டியது இக்கலையின் பெரும்பேறு.

கண்ணாடிக் குமிழும் வழிகாட்டி எண்ணும்

1884இல் லண்டனில் 'அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்' இதழ் தொடங்கப்பட்டதும், 1900இல் ஒரு டாலர் விலையில் கோடக் நிறுவனத்தின் பிரவுனி கேமரா வந்ததும் ஆர்வலர் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கின. அவர்களுள் பலர் வெயிலை மட்டுமே நம்பியிருந்தனர். ஃபிலிம் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட தாளில், தெளிந்த வெயிலுக்கு இந்தத் துளை, மேகத்துக்கு இந்தத் துளை என்று அச்சிட்டிருந்த அட்டவணையே அவர்களின் வழிகாட்டி. துளை என்பது லென்ஸுக்குள் ஒளி புகும் வாயில்; அதைக் குறிக்கும் எஃப் எண் பெரிதாகுந்தோறும் வாயில் சிறிதாகும். ஃபிலிமின் உணர்வெண் 100 ஆனால், நல்ல வெயிலில் எஃப் 16 துளையும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமும் போதும் என்ற சூத்திரம் இன்றும் மாறாமல் பயன்படுவது அந்தத் தாள்களின் நினைவாகும்.

வீட்டுக்குள்ளும் இரவிலும் ஆபத்தின்றி ஒளியைக் கொண்டுவந்தது ஃபிளாஷ் பல்பு. ஆக்சிஜன் நிரம்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து மின்சாரத்தால் கொளுத்தும் இவ்வமைப்பு 1930 அளவில் ஜெர்மனியிலும், பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. புகையும் வெடிப்பும் ஒழிந்தன. ஆனால் ஒரு பல்பு ஒரு படத்துக்கு மட்டுமே உதவியது, எரிந்தபின் விரலைச் சுடும் அளவுக்குக் கொதித்தது. இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா விடுதலைக் காலத் தில்லியின் நிகழ்வுகளைப் பதிவு செய்த கருவி, இத்தகைய பல்பு பொருத்திய கனத்த ஸ்பீட் கிராஃபிக் கேமரா. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பல்பு செலவாகும் என்னும்போது, எந்தக் கணத்தில் சொடுக்குவது என்ற தீர்மானமும் கலையின் பகுதியாயிற்று.

பல்பின் காலம் ஆர்வலருக்கு விட்டுச்சென்ற பெருங்கொடை வழிகாட்டி எண். பல்பின் வலிமையை ஓர் எண்ணால் குறித்து, அதைப் பொருளின் தொலைவால் வகுத்தால் வைக்க வேண்டிய துளை கிடைக்கும் என்பது அதன் வழி. உணர்வெண் 100க்கு வழிகாட்டி எண் 32 மீட்டர் எனில், 4 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு எஃப் 8 துளையும், 8 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு எஃப் 4 துளையும் பொருந்தும். எஃப் 4 துளை எஃப் 8 துளையைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுவது என்பதால், தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற இயற்பியல் விதி அந்தச் சிறு வகுத்தலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கல்யாண வீடுகளில் அடியை மனத்தால் அளந்து துளையைத் திருப்பிய பழைய ஒளிப்படக்காரர்கள், இயற்பியலின் பெயரைச் சொல்லாமலே அதைக் கையில் வைத்திருந்தனர்.

பல்பைக் கேமராவிலிருந்து விலக்கினால் என்ன ஆகும் என்பதை உச்ச அளவில் காட்டியவர் அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க். தொழிலால் விளம்பரப் படக் கலைஞரான அவர், மறைந்துகொண்டிருந்த நீராவி ரயில்களை 1955 முதல் 1960 வரை விருப்பத்தின் பேரில் இரவில் படமெடுத்தார். 1956 ஆகஸ்ட் 2ஆம் நாள் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்த புகழ்பெற்ற படத்துக்கு 43 பல்புகளை ஒரே மின்சுற்றில் இணைத்து, ரயிலும் புகையும் திறந்தவெளித் திரையரங்கின் கார்களும் ஒருசேரத் துலங்கும்படி செய்தார். சூரியனையும் தண்டவாளத்தையும் தம்மால் நகர்த்த முடியாது என்பதால்தான் இரவைத் தேர்ந்தார் என்பதை அப்படங்களே சொல்கின்றன. இருட்டில் ஒவ்வொரு ஒளியின் இடமும் அவர் தீர்மானித்தது.

முற்றத்து ஒளி

ஒளியை விரிக்கும் கலையில் இந்தியாவின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. அதைச் செய்தவரும் ஓர் ஆர்வலரே. திரைப்படக் கேமராவை அதுவரை இயக்கியிராத சுப்ரத மித்ரா, 21 வயதில், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவாளரானார். அடுத்த படமான 'அபராஜிதோ' 1956இல் வெளிவந்தது. அதில் காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைக்க வேண்டி வந்தது. வானிலிருந்து மட்டும் இறங்கி, சுவர்களில் பட்டுத் திரும்பி, நிழலே இல்லாததுபோல் பரவும் முற்றத்து ஒளியை வழக்கமான ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவர இயலாது. மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டு இறங்கிய ஒளி வானத்தின் வேலையைச் செய்தது. பட்டுத் திரும்பும் ஒளி என்ற இம்முறை பின்னாளில் உலகத் திரைப்படங்களில் பொதுவழக்காயிற்று.

முற்றம் வைத்த வீடுகளில் வளர்ந்த தமிழர்களுக்கு அந்த ஒளி புதிதன்று. நடுவில் வானம் திறந்திருக்க, சுற்றிலும் தாழ்வாரம் ஓடும் செட்டிநாட்டு வீட்டில், தாழ்வாரத்தின் விளிம்பில் அமர்ந்திருப்பவரின் முகத்தில் விழும் ஒளி, ஐரோப்பியர் கண்ணாடியும் இரும்பும் கொண்டு கட்டிய வடக்குக் கூரையின் ஒளியேதான். மட்டக்களப்புத் தமிழரான பாலு மகேந்திராவும் பின்னாளில் பி. சி. ஸ்ரீராமும் சாளர ஒளியையும் குறையொளியையும் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பார்த்து வளர்ந்த ஆர்வலர் தலைமுறை, வெளிச்சம் மிகுந்த படமே நல்ல படம் என்ற எண்ணத்தைக் கைவிடத் தொடங்கியது. ஒளிப்பதிவாளர் என்ற சொல் தமிழ் வார இதழ் வாசகர்களுக்கும் பழகிய சொல்லானதில் அவர்களின் பங்கு பெரிது.

மின்னணு ஃபிளாஷ்

எரிதலின்றி ஒளிரும் ஃபிளாஷின் தந்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹெரால்ட் எட்கர்டன். 1931 முதல் அவர் வளர்த்த முறையில், மின்தேக்கி ஒன்றில் சேர்த்த மின்சாரம் வாயு நிரம்பிய குழாய் வழியே ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் பாய்ந்து ஒளியாகிறது. ஒரே குழாய் ஆயிரக்கணக்கான முறை ஒளிரும். தோளில் தொங்கவிட்ட கனத்த மின்கலப் பெட்டியோடு வந்த இக்கருவி, டிரான்சிஸ்டரின் வரவுக்குப் பின் உள்ளங்கையளவுக்குச் சுருங்கி, 1970களில் ஆர்வலரின் தோள்பையில் குடியேறியது. பொருளிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து தானே அணையும் தானியங்கி ஃபிளாஷ்கள் வழிகாட்டி எண்ணின் கணக்கை மறைத்தன. 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம். 2 கேமரா, லென்ஸ் வழியே வந்து ஃபிலிமில் பட்ட ஃபிளாஷ் ஒளியையே அளந்து அணைக்கும் அளவுக்கு முன்னேறியது.

வசதி பெருகியபோது பழைய பிழையும் திரும்பியது. கேமராவின் தலைமேல் பொருத்தப்பட்ட ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருந்ததால், விழித்திரையின் குருதி நாளங்களில் பட்டுத் திரும்பிய ஒளி கண்களைச் சிவப்பாக்கியது; முகம் வெளிறித் தட்டையாயிற்று. அதற்கான மாற்றுகளை ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினர். ஃபிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பி வெள்ளைக் கூரையில் பட வைத்தால், கூரை முழுவதும் விளக்காகும். ஓட்டு வீடுகளிலும் மச்சு வீடுகளிலும் அதற்கு ஏற்ற வெள்ளைக் கூரை இல்லை. பச்சையும் நீலமும் பூசிய சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தொல்லை தராவிட்டாலும் வண்ணப்படத்தில் முகத்துக்கு அந்தச் சாயத்தையே ஏற்றிவிடும். எனவே ஸ்டூடியோக்களில் வெள்ளிக் குடையும் வெள்ளைக் குடையும் இடம்பெற்றன. குடை வாங்க இயலாதவர்கள் தெர்மாகோல் அட்டையையும், வெண்ணெய்த்தாளையும், இரண்டு கழிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியையும் பயன்படுத்தினர். துணித் திரையுடைய ஷட்டர் கொண்ட கேமராக்களில் நொடியில் அறுபதில் ஒரு பங்கைவிட வேகமாகச் சொடுக்கினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும் என்ற எச்சரிக்கையும், ஒரு ரோல் ஃபிலிமை வீணாக்கியவர் வாயிலிருந்தே அடுத்தவருக்குக் கிடைத்தது.

அக்கால இந்திய ஆர்வலரின் சிக்கனத்துக்குப் பின்னால் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுக் கேமராவும் ஃபிலிமும் எளிதில் கிடைக்காத நிலையில், 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் தாளையும் நாடெங்கும் அளித்தது. கருவிப் பஞ்சத்தை அறிவால் வென்றவர்களுள் மா. கிருஷ்ணன் முன்னிற்பவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, அதைக் கொண்டு யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை ஆங்கில நாளிதழில் அவர் எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளுக்கும் அப்படங்களுக்கும் பொதுவானது, காட்டின் ஒளியைப் பொறுமையோடு பார்த்துப் பழகிய கண்.

இன்றைய விளக்குகள்

டிஜிட்டல் கேமரா, எடுத்த கணமே படத்தைக் காட்டியதால், ஒளியைக் கற்பதற்கான செலவு ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி வானொலி அலையால் இயக்கும் சிறு கருவிகள் மலிந்தபின், முன்பு ஸ்டூடியோவுக்கே உரிய மூன்று விளக்கு அமைப்பு மொட்டைமாடிக்கும் வந்தது. பழைய ஃபிளாஷ்களைத் தேடிப் பயன்படுத்தியவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் பரவியது: ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும், சில வோல்ட் மட்டுமே தாங்கும் டிஜிட்டல் கேமராவின் சுற்று அதனால் கருகிவிடும், ஆகவே மல்டிமீட்டரால் அளந்த பிறகே பொருத்த வேண்டும் என்பது அது.

1993இல் சுஜி நாகமுரா ஒளிர்மிகு நீல எல்.இ.டி. விளக்கை உருவாக்கியதன் வழியாக வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. அதன் தொடர்ச்சியான ஒளியில் நிழல் எங்கு விழுகிறது என்பதைச் சொடுக்குவதற்கு முன்பே கண்ணால் காணலாம் என்பதால், புதிதாகக் கற்பவருக்கு அது பேருதவி. ஆயினும் நீல விளக்கின்மேல் மஞ்சள் பூச்சால் உண்டாக்கிய மலிவான வெள்ளொளியில் ஆழ்சிவப்பு குறைவு. மாநிறத் தோல் அதில் களையிழந்து பச்சை படரத் தெரியும். நீலத்தை மட்டும் உணர்ந்த தட்டில் குங்குமம் கறுத்தது ஒரு காலம் எனில், சிவப்பு குறைந்த விளக்கில் தோல் வெளிறுவது இக்காலம். விளக்கின் நிறத்தரத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 95க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என ஆர்வலர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கண்ணாடிக் கூரையிலிருந்து எல்.இ.டி. வரையிலான இந்நெடும்பயணத்தில் ஒளிமூலங்கள் ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. மெக்னீசியப் பொடியையோ ஃபிளாஷ் பல்பையோ இன்று கடைகளில் தேடிப் பயனில்லை. வழக்கொழியாமல் நின்றவை திசை, பரப்பு, தொலைவு என்ற மூன்றும், வெள்ளைத் துணியும் மட்டுமே. கேமரனின் கோழிக்கூண்டும், மித்ராவின் துணிக்கூரையும், பெயர் தெரியாத ஊரொன்றின் ஸ்டூடியோக்காரர் இழுத்துக் கட்டிய வேட்டியும் ஒரே பாடத்தைக் கற்பிப்பதால், எந்த விளக்கை வாங்கலாம் என்று கேட்கும் இளைஞருக்கு மூத்தவர்கள் தர வேண்டிய முதல் அறிவுரை விலைப்பட்டியலில் இல்லை. வீட்டில் வெயில் நேராகப் படாத ஒரு சாளரத்தின் அருகே தாயையோ பாட்டியையோ அமர்த்தி, நிழல்பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்து, காலை முதல் மாலை வரை அந்த முகத்தில் ஒளி மாறுவதை ஒரு நாள் முழுவதும் பார்த்து எழுதி வைக்கட்டும். அதன்பின் அவர் வாங்கும் விளக்கு எதுவாயினும், அதை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.